தடுப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வுஷியா என்கிற சீன வீரசாகசக் கதைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் 'ஏஜ் ஆஃப் வுஷு' என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறேன். போதிதர்மர் நம் காஞ்சிபுரத்துக்காரர் என்பதால் ஷாவோலின் பள்ளியில் சேர்ந்தேன். கையில் மூன்று அடித்தொகுப்புகள் (சேர்ந்து வரும் சண்டை அடிகள்), இரண்டு உள்முறைகள் (உள்சக்திப் பயிற்சிகள்) இருக்கின்றன. காசும் கொஞ்சம் போட்டிருக்கிறேன். ஆனாலும் டூயலில், அதாவது ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில், சாதாரணத் தொகுப்பு வைத்திருப்பவர்களிடம்கூட அரை நிமிடத்தில் விழுந்துவிடுகிறேன். வுடாங் பள்ளிக்கு மாறலாமா? இன்னொன்று. நான் லாக்அவுட் செய்துவிட்டுத் தூங்கும்போது எவனோ என் கேரக்டரைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போய் விற்றுவிட்டான். இதெல்லாம் நியாயமா? கேம் ஆடுவதே நேரவிரயமா என்றும் சில சமயம் தோன்றுகிறது.

பிரவீண், கோவை

அன்புள்ள பிரவீண்,

நேரவிரயமா என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். போதிதர்மரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதில் அவர் பாரசீகர். தென்னிந்தியர் என்பது அதற்குப் பிந்தைய நூல்களில் வருவது. அவரைச் சண்டைக்கலையோடு முடிச்சுப்போட்டது 17-ஆம் நூற்றாண்டில் புழங்க ஆரம்பித்த ஒரு பயிற்சி நூல். சினிமா பார்த்துப் பள்ளி சேர்ந்தால் பரவாயில்லை, அதை வரலாறு என்று எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. தொகுப்பு, உள்முறை, பள்ளி, காசு என்று எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். தடுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த கேமை ஆடிவிட்டு விட்டுப்போனவர்கள் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். கொஞ்ச நாளாகவே எனக்கு இதில் ஒரு கடுப்பு இருந்துகொண்டிருக்கிறது, நீங்கள் வசமாக வந்து மாட்டினீர்கள்.

சுஜோவைச் சேர்ந்த ஸ்னெய்ல் நிறுவனம் 2012-ல் சீனாவில் இதை வெளியிட்டபோது மற்ற கேம்களில் இருந்த இரண்டு விஷயங்களைத் தூக்கி எறிந்தது. ஒன்று லெவல். எதிரில் நிற்பவன் தலைக்கு மேல் 60, 70 என்று எண் கிடையாது. இரண்டாவது, அதிக டேமேஜ் கொடுப்பவன் ஜெயிப்பான் என்ற கணக்கு. அதற்குப் பதிலாக ஒரு முக்கோணம் வைத்தார்கள்: நேரடி அடி, பாசாங்கு அடி, தடுப்பு. நேரடி அடியைத் தடுப்பு வாங்கிக்கொள்ளும். தடுப்பைப் பாசாங்கு உடைக்கும், உடைந்ததும் தடுத்தவன் சற்று நேரம் கைகால் அசைக்க முடியாமல் நிற்பான். பாசாங்கு போட வருகிறவனை நேரடி அடி வீழ்த்தும். கேம் முழுக்க இதுதான். இது தெரியும் என்பீர்கள். தெரிந்தவர் அரை நிமிடத்தில் விழ மாட்டார். முன்னால் நின்று மாறி மாறி நேரடி அடியை மட்டும் பரிமாறிக்கொண்டால்தான் ஆட்டம் அவ்வளவு சீக்கிரம் முடியும்.

ஒவ்வொரு தொகுப்பிலும் ஏழெட்டு ஸ்கில் இருக்கிறது. பாசாங்கு அதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கூல்டவுன் உண்டு, அதாவது ஒருமுறை போட்டால் மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரம். எதிராளி தன் பாசாங்கைப் போட்டு முடித்த கணத்திலிருந்து அது திரும்பி வரும்வரை அவனிடம் உங்கள் தடுப்பை உடைக்க ஒன்றுமில்லை. அந்த இடைவெளி முழுக்க நீங்கள் நிம்மதியாகத் தடுத்துக்கொண்டு நிற்கலாம், அவன் அடி ஓய்கிற இடத்தில் திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது உங்கள் காம்போவை, அதாவது தொடர் அடி வரிசையை அல்ல, அடிக்கடி எதிர்ப்படும் நாலைந்து தொகுப்புகளின் பாசாங்கு எது, அதன் அசைவு எப்படித் தொடங்குகிறது, கூல்டவுன் எத்தனை நொடி என்பதை. தன் ஸ்கில் பட்டியையே பார்த்து ஆடுகிறவன் இதை எண்ணவே முடியாது. கண் எதிராளியின் தோளிலும் இடுப்பிலும் இருக்க வேண்டும்.

தடுப்பு முன்பக்கத்துக்கு மட்டும்தான். தேர்ந்தவன் குதித்து உங்கள் முதுகுக்கு வருவது அதற்காகத்தான். நீங்கள் கீபோர்டில் திரும்புகிறவர் என்று நினைக்கிறேன். புதியவர்கள் எல்லாருமே அப்படித்தான். விசையை அழுத்தி உடம்பு நிதானமாகச் சுற்றி முடிப்பதற்குள் இரண்டு அடி விழுந்திருக்கும். மவுஸால் திரும்புங்கள்.

அடுத்தது, பாசாங்கை வீணாக்குவது. ஆட்டம் ஆரம்பித்த முதல் நொடியிலேயே பாசாங்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் எதிராளி பாய்ந்துகொண்டிருப்பான், உங்கள் பாசாங்கு அவன் நேரடி அடியில் போய் முட்டிச் செத்துவிடும், உங்கள் கூல்டவுனும் போச்சு. அவன் தடுப்பில் நிலைத்துவிட்டான் என்று தெரிந்தபிறகு, அவனுக்கே அதில் ஒரு தைரியம் வந்தபிறகு போடுங்கள்.

இதற்குள் பிங் வருகிறது, அதாவது உங்கள் கணினியிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்வர ஆகிற நேரம். இந்தியாவில் இருந்து ஆடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை, காசு போட்டவன் ஜெயிக்கிறான் என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. போகும். தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு நேர்க்கோட்டிலேயே 14,000 கி.மீ.க்கு மேல். போய்வர, ஒன்றும் தவறாக நடக்காவிட்டாலும், 140 மில்லிநொடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் 250 வரை வரும். அப்படியானால் நீங்கள் திரையில் பார்ப்பது 125 மில்லிநொடிக்கு முந்தைய எதிராளி. நீங்கள் விசையை அழுத்துவது இன்னொரு 125 கழித்துத்தான் சர்வருக்குத் தெரியும். ஒரு பாசாங்கு விழுவதற்கு முன் அரை நொடி அசைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மிஞ்சுவது கால் நொடி. கண்ணால் பார்த்து விரல் அசைக்க மனிதனுக்கு ஆகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, 'பார்த்துவிட்டுத் தடுப்பை விலக்குவேன்' என்பது நடக்காது. எண்ணி, எதிர்பார்த்து, அவன் போடுவதற்கு முன்பே விலக்கியிருக்க வேண்டும். சிங்கப்பூர் சர்வர் கிடைத்தால் அதில் ஆடுங்கள். வைஃபையை விட்டுவிட்டு கேபிளைச் செருகுங்கள். வைஃபையில் பிங் சராசரியாகக் குறைவாகத் தெரியும், நடுவில் திடீரென்று எகிறும், எண்ணிக்கை அங்கேதான் குலையும்.

மூன்று தொகுப்பு, இரண்டு உள்முறை என்பதற்கும் ஒரு வார்த்தை. பயிற்சி என்பது இதில் நிஜ நேரத்தில் ஏறுவது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால் எதுவும் எழாது. ஒரு உள்முறை, அதன் தன்மையோடு பொருந்துகிற ஒரு தொகுப்பு. அது நன்றாக ஏறியபின் அடுத்தது. கேமின் சீனப் பெயரே வுஷியா எழுத்தாளர் ஜின் யோங்கின் கதைகளில் எல்லாரும் வெட்டிக்கொண்டு சாகிற ஒரு சுவடியின் பெயர்தான். அதன் இரண்டாம் பாதியை மட்டும் திருடி, முதல் பாதியில் இருந்த உள்முறை அடிப்படை இல்லாமல் பயின்ற மெய் சாவோஃபெங் மண்டை ஓடுகளில் விரலால் துளை போட்டுக்கொண்டிருந்தாள். காசு கொடுத்து மேல்நிலைத் தொகுப்பு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம்தான்.

கடத்தல். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், மறுக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் நம் ஆள் சாக்கில் போன செய்தி நிற்பது வேடிக்கையான அனுபவம் அல்ல. ஆனால் நியாயமா என்று கேட்கிறீர்களே, நீங்கள் ஜியாங்ஹூவுக்குள், வுஷியா கதைகளின் சட்டத்துக்கு அடங்காத வீரர் உலகத்துக்குள், வந்திருக்கிறீர்கள் தம்பி. அங்கே நியாயம் என்பது வழியில் எதிர்ப்பட்டவன் சாக்கைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வாளை உருவுவது. அதற்கும் கேமில் இடம் இருக்கிறது, கடத்துகிறவனை மறித்து ஆளை மீட்கலாம். லாக்அவுட் செய்தாலும் உங்கள் உடம்பு ஊருக்குள் வேலை பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் இரவில் காவல் சுற்ற ஒருவனுக்குக் காரணம் கிடைக்கிறது, பகைக்குக் காரணம் கிடைக்கிறது. மற்ற கேம்களில் லாக்அவுட் செய்தவன் காற்றில் கரைந்துபோகிறான், அவன்மேல் யாருக்கும் கோபமும் இல்லை கடனும் இல்லை. கதை மிங் காலத்தில் நடக்கிறது. எட்டுப் பள்ளிகளில் ஒன்று ஜின்யிவெய், 1382-ல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் அமைத்த உண்மையான படை. அரசனின் ஆட்களே சண்டையில் ஒரு கட்சியாக நிற்கிற ஊரில் புகாரை எங்கே கொடுப்பீர்கள்?

வுடாங்குக்கு மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாறுங்கள், மாறாதீர்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கூட ஆடுகிற யாராவது ஒருவரை டூயலுக்குக் கூப்பிடுங்கள். முதல் மூன்று ஆட்டங்களில் நீங்கள் ஒரு அடியும் அடிக்கக் கூடாது. தடுப்பு, திரும்புதல், தடுப்பை விலக்குதல், அவ்வளவுதான். எத்தனை முறை தடுப்பு உடைந்தது, அதில் எத்தனை பாசாங்கு வரப்போகிறது என்று முன்பே தெரிந்தது, எத்தனை முதுகில் வாங்கியது என்று தாளில் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் பில்ட், அதாவது தொகுப்பு, உள்முறைப் பட்டியல், அதன் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம்.