வாசகர் கேள்வி பதில்: பழைய லேண்ட் ரோவருக்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின்

கேள்வி: சார் வணக்கம். என்கிட்ட 1974 மாடல் லேண்ட் ரோவர் சீரீஸ் 3 இருக்கு, 2.25 லிட்டர் பெட்ரோல். இன்ஜின் பிளாக் சைடுல வெடிப்பு விட்டு தண்ணி கசியுது, வெல்டிங் வெச்சும் நிக்கல. ஒருத்தர்கிட்ட இதே இன்ஜின் கழட்டி வெச்சது இருக்கு. கழட்டும்போது சூப்பரா ஓடிட்டு இருந்துச்சுன்னு சொல்றார். நம்பி வாங்கலாமா? எதெல்லாம் பாக்கணும்?

பதில்: வணக்கம். வாங்கற பேச்சுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். வெடிப்பு எங்க இருக்கு? வெளிப்பக்கம் வாட்டர் ஜாக்கெட் (சிலிண்டர சுத்தி தண்ணி ஓடற அறை) சுவர்ல மட்டும்னா மெட்டல் ஸ்டிச்சிங்னு ஒரு வேலை இருக்கு, வெடிப்பு நெடுக துளை போட்டு திருகாணி மாதிரி பின்னுகள ஒண்ணோட ஒண்ணு கடிக்கற மாதிரி இறக்கிடுவாங்க, சூடே வைக்கறதில்ல. பிளாக் வார்ப்பிரும்பு, அதுல சாதாரணமா வெல்டிங் வெச்சா அந்த சூட்டுலயே பக்கத்துல புதுசா வெடிக்கும், உங்களுக்கு நிக்காம போனதுக்கு அதுதான் காரணமா இருக்கும். ஸ்டிச்சிங் செய்ய ஆள் கிடைச்சா வண்டியோட பொறந்த இன்ஜினே வண்டியில இருக்கும், எனக்கு அதுதான் முதல் விருப்பம். வெடிப்பு சிலிண்டர் சுவருக்கோ, கிராங்க் தண்டு உக்கார்ற மெயின் பேரிங் பக்கத்துக்கோ போயிருந்தாதான் வேற இன்ஜின் தேடணும்.

சரி, தேடறோம்னே வெச்சுக்குவோம். "கழட்டும்போது நல்லா ஓடுச்சு"ங்கற பேச்சுக்கு காசு குடுக்காதீங்க. அவர் பொய் சொல்றார்னு இல்ல, உண்மையாவே ஓடியிருக்கலாம், ஆனா அதுக்கப்புறம் தார்ப்பாய்க்கு அடியில எத்தன வருஷம் கெடந்துச்சு, பிளக் ஓட்டையும் கார்ப்ரேட்டர் வாயும் மூடி இருந்துச்சா, திறந்து இருந்த வால்வு வழியா ஈரம் உள்ள போச்சா, இதெல்லாம் அவருக்கே தெரியாது. நீங்க வாங்கறது மூணே மூணு பொருள்: பிளாக், கிராங்க் (பிஸ்டன் மேல கீழ போறத சுத்தலா மாத்தற தண்டு), ஹெட் (வால்வு இருக்கற மேல்மூடி). மத்ததெல்லாம், வாட்டர் பம்ப், டைமிங் செயின், ஆயில் சீல், கேஸ்கட், ரிங், எப்படியும் நீங்க மாத்தப் போறதுதான், இந்த இன்ஜினுக்கு இதெல்லாம் இன்னும் புதுசா வருது. அதனால "மேல புது கார்ப்ரேட்டர் போட்டிருக்கேன், பெயின்ட் அடிச்சிருக்கேன்"னு சொன்னா மனசு மயங்காதீங்க, மூணு பொருளையும் காட்டுங்கன்னு கேளுங்க.

முதல்ல பிளாக். டார்ச் அடிச்சு வெளிப்பக்கம் பூரா பாருங்க, கோர் பிளக்குன்னு வட்ட வட்டமா தகரம் பதிச்சிருக்கும், அதுல ஏதாவது வெளிய தள்ளிட்டு இருந்தா உள்ள தண்ணி ஒருதடவ உறைஞ்சிருக்கு, அப்படின்னா வாட்டர் ஜாக்கெட்ல மயிரிழை வெடிப்பு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், உங்க பிளாக்குக்கு நடந்ததே அதுக்கும் நடந்திருக்கும். புதுசா பெயின்ட் அடிச்ச பிளாக்னா அந்த எடத்துல சுரண்டிப் பாக்க அனுமதி கேளுங்க. மாட்டேன்னா வேற இன்ஜின் பாருங்க.

அடுத்து கிராங்க் கையால சுத்துதான்னு பாருங்க. பிளக் எல்லாம் கழட்டிட்டு முன்னாடி கிராங்க் நட்டுல ஸ்பானர் போட்டு மெதுவா முழுசா ரெண்டு சுத்து சுத்தணும், ஏன்னா நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ரெண்டு சுத்துலதான் எல்லா வால்வும் ஒரு தடவ திறந்து மூடும். எங்கயாவது பிடிச்சா நிறுத்திடுங்க. ஜாம் ஆன இன்ஜின கண்டிப்பா செல்ஃப் மோட்டார் குடுத்து திருப்ப விடாதீங்க, துருப்பிடிச்ச ரிங் உடைஞ்சு போர்ல, அதாவது பிஸ்டன் ஓடற சிலிண்டர் துளையில, கோடு விழுந்துடும். ஜாம் ஆன இன்ஜின் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், நல்ல பிளாக்னா ஆயில் ஊத்தி ஊற வெச்சு திருப்பி ரீபோர் பண்ணி (அந்த துளைய கொஞ்சம் பெருசா கடைஞ்சு) உயிர் குடுக்கலாம், ஆனா அத ஓடற இன்ஜின் விலைக்கு வாங்கக்கூடாது.

சுத்துச்சுன்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள உண்டாகற அழுத்தம் பாக்கணும். இன்ஜின் தரையில கெடந்தா எப்படி பாக்கறதுன்னு பலபேர் விட்டுடறாங்க. பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேக்கற கூடு), ஃப்ளைவீல், செல்ஃப் மோட்டார் மூணும் அதுலயே இருந்தா போதும், அடியில ஆயில் இருக்கான்னு பாத்துட்டு, நல்ல பேட்டரி வெச்சு, நாலு பிளக்கும் கழட்டி, திராட்டில் முழுசா திறந்து வெச்சு ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் போட்டு பாத்துடலாம். இந்த இன்ஜின் 7:1, 8:1னு ரெண்டு கம்ப்ரஷன் ரேஷியோவுல வந்துச்சு, அதுவும் இல்லாம குளிர்ந்த இன்ஜின்ல கொஞ்சம் குறைவாதான் காட்டும், அதனால ஒரு நம்பர மனசுல வெச்சுட்டு போகாதீங்க, நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட சமமா இருக்கான்னு பாருங்க, 10, 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா காரணம் தேடணும். குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறுச்சுன்னா ரிங்கும் போரும் தேய்ஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து குறைஞ்சிருந்தா நடுவுல ஹெட் கேஸ்கட் போயிருக்கு. கேஸ்கட் ஒரு பெரிய விஷயம் இல்ல, அது ஏன் போச்சுங்கறதுதான் விஷயம், ஓவர்ஹீட் ஆகி ஹெட் வளைஞ்சிருந்தா லேத்ல கொடுத்து சமன் பண்ணணும்.

அப்புறம் சம்ப், அதாவது அடியில இருக்கற ஆயில் தொட்டி, கழட்டச் சொல்லுங்க. இதுதான் நிறைய பேர் கேக்க கூச்சப்படற விஷயம், ஆனா மொத்த இன்ஜினோட கதையும் அங்கதான் இருக்கு. டிரெயின் போல்ட்ட லூஸ் பண்ணும்போதே முதல்ல தண்ணி வருதான்னு பாருங்க, எண்ணெய்க்கு அடியில தங்கியிருக்கும், அதனால அதுதான் முதல்ல வரும். சம்ப் அடியில பளபளன்னு தூள் இருந்தா பேரிங் தேயுது. ஒரு மெயின் பேரிங் கேப், ஒரு பிக் எண்ட் கேப் (கனெக்டிங் ராட் கிராங்க்க பிடிக்கற எடத்து மூடி) கழட்டி உள்ள இருக்கற பேரிங் தகட்ட, அதாவது ஷெல்ல பாருங்க, சாம்பல் நிறத்துக்கு அடியில செம்பு நிறம் தெரிஞ்சா மேல்பூச்சு போயிடுச்சு. ஷெல்லோட முதுகுல 010, 020னு அடிச்சிருந்தா கிராங்க் அத்தன தௌ (ஒரு தௌ-ன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) ஏற்கெனவே கிரைண்ட் பண்ணியாச்சுன்னு அர்த்தம், 040 வரைக்கும் போயிருந்தா இனிமே அந்த கிராங்க்குல கடைய மிச்சம் இல்ல, இப்ப ஓடினாலும் அடுத்த தடவ வேற கிராங்க்தான். ஹெட் கழட்ட விட்டார்னா பிஸ்டன் தலையிலயும் இதே மாதிரி ஓவர்சைஸ் நம்பர் இருக்கும், போர் மேல்விளிம்புல நகத்த வெச்சு இழுங்க, படி மாதிரி தட்டுச்சுன்னா ரீபோர் நிச்சயம்.

சம்ப் திறந்திருக்கும்போதே மெயின் கேப் எத்தனைன்னு எண்ணிடுங்க. 2.25 இன்ஜின் 1980 வரைக்கும் மூணு மெயின் பேரிங், அதுக்கப்புறம் அஞ்சு. அஞ்சு பேரிங் கிராங்க் இன்னும் உறுதி, கிடைச்சா விடாதீங்க, ஆனா உள்பாகம் எல்லாம் ரெண்டுக்கும் மாத்தி போட முடியாது, அதனால உங்ககிட்ட இருக்கற பழைய கிராங்க், ஷெல்லுன்னு எதையும் அதுக்கு கணக்கு பண்ணிடாதீங்க.

ஹெட்டுல ஒரே விஷயம். அந்தக் காலத்து வால்வு சீட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குன்னு செஞ்சது, ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்ட தேயாம காப்பாத்திட்டு இருந்துச்சு. 2021-ல உலகத்துலயே கடைசியா ஒரு நாட்டுல வித்துட்டு இருந்த ஈய பெட்ரோலும் நின்னுடுச்சு. அதனால ஹெட் எப்படியும் வெளிய வருதுல்ல, அப்பவே கெட்டியான எக்ஸாஸ்ட் சீட் போட்டுடுங்க. விக்கறவர் ஏற்கெனவே போட்டாச்சுன்னு சொன்னா பில் கேளுங்க.

கேள்வி: இன்ஜின் தூரத்துல இருக்கு. ஓடற வீடியோ அனுப்பறாங்க. அத வெச்சு முடிவு பண்ணலாமா?

பதில்: கூடாது. சூடு பண்ணி வெச்ச இன்ஜின் யாரு கேட்டாலும் நல்லாதான் ஸ்டார்ட் ஆகும், தேய்ஞ்ச இன்ஜினோட சத்தமும் புகையும் குளிர்ந்து கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ற முதல் சில வினாடியிலதான் வெளிய வரும். வீடியோவே கதின்னா, பிளாக் மேல வெறும் கைய வெச்சு காட்டிட்டு, வெட்டாம ஒரே ஓட்டமா ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறின பிறகு ஆயில் பிரஷர் கேஜ காட்டி அனுப்பச் சொல்லுங்க. விளக்கு இல்ல, முள்ளு உள்ள கேஜ். விளக்கு ரொம்ப குறைஞ்ச பிரஷர்லயே அணைஞ்சுடும், அதுல ஒண்ணும் தெரியாது. 2.25 பெட்ரோல் இன்ஜின் சூடாகி 2000 ஆர்பிஎம்-ல இருக்கும்போது 35-லேர்ந்து 65 பிஎஸ்ஐக்குள்ள காட்டணும். 35-க்கு கீழ போனா பேரிங் வேலை இருக்குன்னு வெச்சுக்கிட்டே விலை பேசுங்க. இருந்தாலும் நேர்ல போய்ப் பாக்கறதுக்கு ஈடு இல்ல, நீங்க போக முடியலன்னா அந்தப் பக்கம் இருக்கற ஒரு மெக்கானிக்குக்கு கூலி குடுத்தாவது அனுப்புங்க.

கேள்வி: எல்லாரும் 200டிடிஐ டீசல் போடு, மைலேஜும் வரும் இழுவையும் வரும்னு சொல்றாங்க. சீரீஸ் 3-ல போடலாமா?

பதில்: போடலாம், நல்லாவே உக்காரும். 200டிடிஐ 1989-ல முதல் டிஸ்கவரியோட வந்த 2.5 லிட்டர் டர்போ டீசல், பழைய 2.25 குடும்பத்துலேர்ந்தே வளந்த பிளாக், அதனால சீரீஸ் பெல் ஹவுசிங்கோட சேத்துட முடியும். டிஃபெண்டர்லேர்ந்து எடுத்ததா டிஸ்கவரிலேர்ந்து எடுத்ததான்னு கேளுங்க, டிஃபெண்டர் இன்ஜின்ல டர்போ மேல தூக்கி இருக்கும், டிஸ்கவரியில கீழ இருக்கும், அது சேஸிஸ் பக்கத்துல இடிக்கும், மேனிஃபோல்ட் மாத்தற வேலை வந்துடும். டிஸ்கவரி இன்ஜின் சும்மா கிடைக்குதேன்னு வாங்கிட்டு டர்போவுக்காக அலையறவங்கள நிறைய பாக்கறோம்.

ஆனா நான் கவலைப்படறது வேற. உங்க பெட்ரோல் இன்ஜின் சுமார் 70 குதிரை சக்தி, டிடிஐ 110 கிட்ட, டார்க் அதவிட பெரிய வித்தியாசம், அத்தனையும் அந்த பழைய கியர்பாக்ஸ் மேலயும் பின் ஆக்ஸில் மேலயும்தான் விழும். கால அமுக்கி ஓட்டற ஆளா இருந்தா உடைச்சுடுவீங்க. சீரீஸ் டிஃப்ரன்ஷியல் 4.7 ரேஷியோ, அதோட டீசல் போட்டா மேல கியர்ல சீக்கிரமே கத்த ஆரம்பிச்சுடும், ஓவர்டிரைவோ (இன்ஜின் சுத்த குறைக்கற கூடுதல் மேல் கியர்) 3.54 டிஃப்ரன்ஷியலோ வேணும்னு அடுத்த செலவு நிக்கும். பிரேக் நாலும் டிரம், வேகம் ஏத்தறதுக்கு முன்னாடி அத சரி பண்ணுங்க, இதுல சமரசமே கிடையாது. தினமும் தூரம் ஓட்டறவங்களுக்கு டிடிஐ நியாயம். வாரக்கடைசியில காட்டுப்பாதைக்கு எடுத்துட்டுப் போறவங்க அதே பெட்ரோல் இன்ஜின நல்லபடியா கட்டிப் போடுங்கன்னுதான் சொல்வேன், அந்த மெதுவான இழுவை அந்த வண்டிக்கு பொருத்தமா செஞ்சது. டிடிஐ வாங்கறவங்க டைமிங் பெல்ட்ட மாத்தாம ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, ஓடும்போது அறுந்தா பிஸ்டன் வால்வ அடிச்சிடும்.

கேள்வி: இன்ஜின் நம்பர் அழிஞ்சு இருக்கு, விலை பாதிதான் சொல்றாங்க. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க. 2.25-ல நம்பர் பிளாக்கோட இடது பக்கம் முன்னாடி, எக்ஸாஸ்ட் பக்கத்துல தட்டையா கடைஞ்ச எடத்துல குத்தியிருக்கும். துருவும் கிரீஸும் மூடியிருந்தா வயர் பிரஷ் போட்டு தேய்ச்சா வந்துடும். கிரைண்டர் வெச்சு அழிச்சிருந்தா அது திருட்டு வண்டியோட இன்ஜினா இருக்கலாம், அதோட புது இன்ஜின் நம்பர வண்டி பேப்பர்ல ஏத்தாம ஓட்டினா பின்னாடி விக்கவும் முடியாது, இன்ஷூரன்ஸ்லயும் சிக்கல் வரும். நல்ல இன்ஜினா இருந்தாலும் வித்தவர் கையெழுத்து போட்டு, நம்பரோட ஒரு ரசீது எழுதி வாங்கிட்டு அப்புறமா பணம் குடுங்க.

கேள்வி: வாங்கியாச்சு. அப்படியே தூக்கி மாட்டிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. வெளிய இருக்கும்போது அரை மணி நேர வேலை, வண்டிக்குள்ள போன பிறகு ஒரு நாள் வேலை. பின்பக்க கிராங்க் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உக்கார்ற ஸ்பிகாட் புஷ், கோர் பிளக் மொத்தமும், இதெல்லாம் இப்பவே மாத்திடுங்க, நல்லா இருந்தாலும் மாத்துங்க. ரேடியேட்டர தனியா கொடுத்து கழுவி வாங்குங்க, பழைய இன்ஜின கெடுத்த அடைப்பு அதுலயே இருந்தா புதுசையும் கெடுக்கும். மாட்டின பிறகு பிளக் இல்லாம செல்ஃப் மோட்டார் குடுத்து சுத்த விட்டு, கேஜ்ல ஆயில் பிரஷர் ஏறறத கண்ணால பாத்துட்டுதான் பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணணும். முதல் தடவ நல்லா சூடாகி ஆறின பிறகு ஹெட் போல்ட்ட மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு திரும்ப ஒருதடவ பாருங்க, வால்வு கிளியரன்ஸும் அப்பவே செட் பண்ணிடுங்க, முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாத்திட்டு, கழட்டின பழைய ஃபில்டர அறுத்து உள்ள தூள் இருக்கான்னு பாருங்க.