கப்பலில் போனவரும் ரயிலில் வந்தவரும்

அன்புள்ள அம்மா,

எங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்குக் கொத்துவேலைக்கு வந்தவர். அவருடைய அண்ணன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறினார். டர்பனில் இருக்கும் உறவினர்கள் கப்பல் பட்டியலில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எண், தகப்பன் பெயர், வயது, ஜாதி, நெற்றித் தழும்பு எல்லாம் இருக்கின்றன. ஊர்ப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் சிதைந்து, எந்த ஊரென்றே தெரியவில்லை. எங்களவருக்கோ அந்தக் கொடுப்பினைகூட இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. மரபணுச் சோதனை உதவுமா? ஜாதியைப் பார்த்த அப்பா, "இதோடு விட்டுவிடு" என்கிறார்.

ம., அல்சூர்

அன்புள்ள ம.,

சோதனைக்கு வைத்திருக்கும் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். அது தாலுகா பெயரைச் சொல்லாது.

கொடுப்பினையா? எனக்குக் கோபம்தான் வந்தது. 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேரை நேட்டாலுக்குக் கொண்டுபோனார்கள். எழுத்தர் அவர்களுடைய தழும்பைக் குறித்துவைத்தது கொள்ளுப்பேரர்கள்மேல் உள்ள பாசத்தாலா? ஐந்து வருட ஒப்பந்தத்தில் இருந்தவன் அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தைவிட்டுப் போனால் குற்றம். ஓடினவனைப் பிடிக்க அடையாளம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்மேல் 1895-ல் சட்டம் போட்டு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தார்கள். அதற்கும் பட்டியல் வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தா ஜோலார்பேட்டையில் டிக்கெட் வாங்கி ரயிலேறியிருப்பார். 1864-லேயே அந்தப் பாதை வந்துவிட்டது. காசில்லாமல் நடந்தும் வந்திருக்கலாம். யாரும் அவரை நிறுத்தி மச்சம் பார்க்கவில்லை. இதற்கா ஏங்குகிறீர்கள்?

என் பாட்டி சிவாஜிநகரிலேயே வாழ்ந்து முடித்தவர். சொந்த ஊரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். ஆனால் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் முதல் மொட்டை குலதெய்வம் கோயிலில்தான். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேறி, ஆம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஏரிக்கரையோடு நடக்க வேண்டும். அங்கே ஒரு வீட்டைக் கடக்கும்போது மட்டும் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். ஏன் என்று கேட்ட தம்பிக்கு ஒரு குட்டு கிடைத்தது. அந்த வீட்டில் பட்ட கடனுக்குப் பயந்துதான் தாத்தா இரவோடிரவாகக் கிளம்பினார் என்று பின்னாளில் அத்தை சொன்னார். அப்படிக் கிளம்பி வந்த மனிதர் பெங்களூரில் எந்தப் பதிவேட்டிலாவது ஊர்ப் பெயரை உண்மையாகச் சொல்லியிருப்பாரா? காகிதத்தில் அகப்படாமல் இருக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தார்!

அப்பாவிடம் ஜாதியைப் பற்றி வாதாடாதீர்கள். இத்தனை வருடங்களாக அவர் எதை எதை விழுங்கிக்கொண்டு வாழ்ந்தார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவருக்கு முதல் மொட்டை எங்கே போட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். கொள்ளுப்பாட்டி எந்த ஊர்ப் பெண் என்றும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு பெண்கூட இல்லை. கிடைக்கும் ஊர்ப் பெயர்களை டர்பன் பட்டியலில் உள்ள பெயரோடு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒத்துப்போனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். இல்லையென்றால் முதலில் அத்தைமார்கள் வீட்டுக்குப் போங்கள்.