இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை எடுத்தால் மலேசியக் குடியுரிமை போய்விடுமா? தாத்தாவின் இந்தியப் பத்திரம் எதுவும் இல்லாமல் எடுக்க முடியுமா?

போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு பயத்தால் என் அப்பா ஆறு வருஷம் விண்ணப்பமே போடாமல் இருந்தார். “நீல ஐ.சி. வாங்க உன் தாத்தா பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை வைத்து விளையாட மாட்டேன்” என்பார். நீல ஐ.சி. என்றால் மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை; சிவப்பு, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுடையது. அவர் பயந்ததில் தப்பில்லை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். சாகும்வரை சிவப்பு ஐ.சி.யோடு இருந்த பாட்டிகள் நம் எல்லோர் சொந்தத்திலும் உண்டு.

குழப்பத்துக்குக் காரணம் அட்டையின் பெயர். ‘ஓவர்சீஸ் சிட்டிசன்’ என்று போட்டிருப்பதால் இரண்டாவது குடியுரிமை என்று நினைத்துவிடுகிறோம். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை. அட்டை வைத்திருப்பவருக்கு அங்கே ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடையாது. சென்னையில் இறங்கும்போது மலேசியப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துத்தான் அட்டையை நீட்டுகிறோம். நடைமுறையில் அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசா, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது.

2005இல் திருத்திய இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் வந்தது இந்த ஓ.சி.ஐ. அதற்கு முன்பிருந்த, வம்சாவளியினருக்கான பி.ஐ.ஓ. அட்டையை 2015 ஜனவரியில் இதோடு சேர்த்துவிட்டார்கள். தகுதிக்கு அளவுகோல் 1950 ஜனவரி 26. அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அன்றைக்குக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அவர்களுடைய பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி என்று சட்டம் போகிறது. ‘எங்கள் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வந்தார், பிறகு மலாயாக் குடிமகனாகிவிட்டார், இந்தியக் குடிமகனாக இருந்ததே இல்லையே’ என்று நம்மவர்கள் பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். ‘தகுதி பெற்றிருந்தவர்’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் தானோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ பிறந்து, வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்து குடிமகனாக இந்திய அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு வழிவிட்டது. ஆகவே 1950இல் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தா எதிலும் பதியாவிட்டாலும் கணக்கில் வருகிறார்.

சரி, அவர் அங்கே பிறந்தார் என்பதற்கு என்ன காகிதம்? அவர்தான் என் தாத்தா என்பதற்கு என்ன காகிதம்? என் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) அப்பா பெயர், அப்பாவுடையதில் தாத்தா பெயர், தாத்தாவிலிருந்து இந்தியாவுக்கு ஏதாவது ஒரு பத்திரம் என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். மொரீஷியஸ் வம்சாவளியினருக்கு 2024இல் ஏழாம் தலைமுறை வரை நீட்டினார்கள், சுரினாமுக்கு ஆறாம் தலைமுறை வரை. இப்படி நாட்டுக்கு நாடு தனி ஏற்பாடு வருவதால் விண்ணப்பிக்கும் நாளில் மலேசியருக்கு எது வரம்பு என்று கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷனின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைமுறை நீள நீள, காட்ட வேண்டிய காகிதமும் கூடும்.

எங்கள் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. குறை எங்கள் பத்திரங்களில்தான். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அப்பன் வாயால் சொல்வான், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதுவார். கருப்பையா கருப்பனாவதும் முத்தம்மாள் மூத்தாவதும் சகஜம். தாத்தா இங்கே வாங்கிய குடியுரிமைப் பத்திரத்தில் ஒரு பெயர், 1948இல் பிறந்த அப்பாவின் சூராட் பெரானாக்கில் இன்னொரு பெயர். போதாததற்குத் தாத்தா பாட்டி கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் நடந்தது, பதிவே இல்லை. 1982 மார்ச் 1க்கு முன்னால் நம் கல்யாணங்களைப் பதிய வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை என்பதால் இது பாதி வீடுகளின் கதை.

எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் அத்தை. 1937இல் ஆறு வயதுப் பிள்ளையாக, அண்ணனோடும் பெற்றோரோடும் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அடுத்த வருஷமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. பினாங்கில் இறங்கும் முன் நோய்த் தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் நிறுத்தி வைத்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் வரவில்லை. “பட்டுக்கோட்டைக்குத் தெக்கே, கண்ணு. ஏரிக்கரையில நம்ம ஐயனாரு, பக்கத்துல ரெண்டு மண் குதிரை” என்றார். குலதெய்வத்தைத் தேடிக்கொண்டு போனோம், ஊர் கிடைத்தது. அங்கே ஒரு பங்காளி வீட்டில் 1953ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதில் தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், ‘தற்சமயம் மலாய் தேசத்தில் இருப்பவர்’ என்ற வரி. அப்பா அந்த வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குச் சான்றிட்ட நகல் எடுத்தோம். பட்டர்வொர்த் திரும்பியதும், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அத்தை சூராட் அக்குவான் (சத்திய வாக்குமூலம்) எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டார். இவற்றோடு பிறந்த இடம் ‘தஞ்சாவூர்’ என்று தட்டச்சு செய்திருந்த தாத்தாவின் குடியுரிமைப் பத்திரத்தையும் சேர்த்து 2018இல் மறுபடி போட்டோம். இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் தாத்தா 1950க்குப் பிறகு ஊர் போய்வர இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம், அது ஒன்றே பலமான சான்று. பழைய தகரப் பெட்டியை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் 275 அமெரிக்க டாலர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். கணவன் மனைவி என்ற முறையில் எடுப்பவர்களுக்குப் பதிவான திருமணம் இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

வருஷத்துக்குப் பத்து நாள் கோவில் சுற்றிவிட்டு வருபவர் என்றால், என் அபிப்பிராயத்தில் இந்தச் செலவு வேண்டாம், இ-விசா போதும். அப்பா மாதிரி நாள் கணக்குப் பார்க்காமல் தங்க நினைப்பவருக்கு டூரிஸ்ட் விசா பெரிய தொல்லை. ஒரு தடவைக்கு 90 நாள்தான். ஓ.சி.ஐ.யில் அந்த எல்லை இல்லை, போலீஸ் பதிவும் இல்லை. படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் நல்லது; வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்குப் போட்டியிடலாம். ஆனால் ஒரு நிதியாண்டில் 182 நாளை எட்டினாலே இந்திய வருமான வரிக் கணக்கில் உள்நாட்டவராகிவிடுவீர்கள், அதைக் கவனியுங்கள். பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மதப் பிரசாரம் போன்றவற்றுக்கு 2021 அறிவிப்பின்படி தனி அனுமதி வேண்டும். வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது. தாத்தா விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மா நிலம் வாங்க வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப ஆசை. அது முடியாது என்று தெரிந்தபோது மனசு விட்டுப்போனார். பங்காளி வீட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு மட்டும் வாங்கினார். இப்போது ஒவ்வொரு தைக்கும் போகிறார், பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலின் சித்ரா பௌர்ணமிக்குத் திரும்பி வருகிறார்.

அத்தை 2021இல் தவறிவிட்டார். அவருடைய சூராட் அக்குவானின் நகலைத்தான் இந்த மாதம் என் தம்பி, தன் இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தோடு கோலாலம்பூருக்கு எடுத்துப் போகிறான்.