முன்பக்கம் நெடுஞ்சாலைக்குப் போகிறது, மனையோ கோயிலுடையது: இழப்பீடு யாருக்கு?

கேள்வி: நீடாமங்கலத்துக்கு அருகே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. மனை கோயிலுக்குச் சொந்தம். அடிமனை வாடகை கட்டி வருகிறோம். சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி அளந்துவிட்டு, முன்சுவரிலிருந்து 11 அடி உள்ளே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். திண்ணையில் ஒருவர் வாடகைக்குத் தையல் கடை வைத்திருக்கிறார். கோயில் மனை என்பதால் உங்களுக்கு ஒரு பைசா வராது என்கிறார்கள் ஊரில். உண்மையா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஊரில் சொல்வது பாதிதான் சரி. மனைக்கான பணம் கோயிலுக்குப் போகும். கட்டடத்துக்கான பணம் உங்கள் குடும்பத்துடையது. அந்தப் பணத்தை 11 அடிக்கு மட்டும் கணக்குப் போட விடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்கு முன்னால் உள்ள முக்கியமான வேலை.

முதலில் சிவப்புக் கோட்டைப் பற்றி. அதற்குச் சட்டத்தில் மதிப்பு எதுவும் கிடையாது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி மத்திய அரசிதழில் அறிவிக்கை வரும்போதுதான் நில எடுப்பு தொடங்குகிறது. அதன் சுருக்கம் இரண்டு நாளிதழ்களில் வரும், ஒன்று தமிழில். உங்கள் புல எண்ணும் உட்பிரிவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்சேபணை எழுதிக்கொடுக்க 21 நாள்தான் அவகாசம். அரசிதழில் வந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். அறிவிக்கை வந்து ஓராண்டுக்குள் 3டி பிரிவின் கீழ் உறுதி அறிவிப்பு வர வேண்டும். வராவிட்டால் பழைய அறிவிக்கை காலாவதியாகிவிடும். நீதிமன்றத் தடை இருந்த காலம் மட்டும் கணக்கில் சேராது. 3டி வந்துவிட்டால் அந்த நிலம் அன்றே மத்திய அரசுடையது.

இந்த 21 நாளை நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வீணடிக்கிறார்கள். "எங்களுக்கு இந்தச் சாலையே வேண்டாம்" என்று ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனு, ஒரே பதிலில் தள்ளுபடியாகிவிடும். "டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இங்கே ரோடு போட முடியாது" என்றும் எழுத வேண்டாம். அந்த மண்டலத்தை உருவாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் சாலை, குடிநீர், மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளைத் தடுக்கவில்லை. அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டிய விஷயத்தை எழுதுங்கள். எதிர்ப்பக்கம் புறம்போக்கு காலியாக இருந்தால், மையக்கோட்டை அந்தப் பக்கம் சில அடி நகர்த்த முடியுமா என்று வரைபடத்தோடு கேளுங்கள். உங்கள் ஊரில் சாலைக்குக் குறுக்கே போகும் வாய்க்கால்களில் எது பாசனம், எது வடிகால், எங்கே பாலம் அகலமாக வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து வரும் தண்ணீர் பாயும் பகுதி உங்களுடையது. தரை கிட்டத்தட்டச் சாய்வே இல்லாதது. உயர்த்திப் போட்ட சாலையின் கீழே ஒரு குழாய் குறைந்தாலும் ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்பது உங்கள் கொல்லையில்தான். திட்டம் கடுதாசியில் இருக்கும்போது ஒரு பாலத்தைச் சேர்ப்பது சுலபம். ஒப்பந்ததாரர் வந்த பிறகு மறியல் செய்தாலும் கஷ்டம்.

அடுத்து அடிமனை. கட்டடம் உங்களுடையது என்று காட்ட வாடகை ரசீதுகள், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை மூன்றும் வேண்டும். இவை இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இன்றைக்கே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். தாத்தா 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைகளுக்கும் பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் பணம் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பங்கு யாருக்கு எவ்வளவு என்று தகராறு எழுந்தால், 3எச் பிரிவின்படி விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்விடும். தொகை அங்கே வருடக்கணக்கில் கிடக்கும், வீடு மட்டும் இடிந்திருக்கும்.

இதே ஆபத்து கோயில் பக்கமிருந்தும் வரலாம். வாடகை பாக்கி இருந்தாலோ, கோயில் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாமல் இருந்தாலோ, நிர்வாகம் உங்களை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதிக்கொடுத்துவிடும். செயல் அலுவலரை முன்பே பார்த்துப் பாக்கியைக் கட்டுங்கள். மனை கோயிலுடையது, மேற்கட்டுமானம் இன்னாருடையது என்று ஒரு கடிதம் வாங்க முயலுங்கள். கட்டிக் குடியிருப்பதால் மனையையே விலைக்குக் கேட்கலாம் என்று சிலர் 1921ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். 1996 திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. அந்த வழியில் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

சரி, எவ்வளவு வரும்? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள், 28.8.2015 தேதியிட்ட மத்திய அரசின் ஆணையால் நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலங்களுக்கும் பொருந்தும். வழிகாட்டி மதிப்பா, பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் சராசரியா, ஊராட்சியா பேரூராட்சியா என்ற கணக்கெல்லாம் நிலத்துக்குத்தான். அது கோயிலின் கவலை. உங்களுக்கு வேண்டியது கட்டட மதிப்பு. அதைப் பொறியாளர் மதிப்பிடுவார். அந்தத் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை சேரும். 4 லட்சம் என்று மதிப்பிட்டால் கைக்கு வர வேண்டியது 8 லட்சம். ஆகவே மதிப்பீட்டில் விட்டுப்போகும் ஒவ்வொரு தூணும் இரண்டு தூண்.

மதிப்பீட்டுக்கு வருபவர்கள் டேப்பைப் பிடித்து நீளம், அகலம் எழுதி, "ஓட்டுக் கட்டடம், பழையது" என்று முடித்துவிட்டுப் போவார்கள். கூடவே நின்று தேக்குத் தூண், நிலை, கதவு, கிணறு, கழிப்பறைத் தொட்டி, தென்னை எல்லாம் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். முன்பே தேதியோடு புகைப்படம் எடுத்து வையுங்கள். வயதைக் காட்டித் தேய்மானம் கழித்தால், எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், மிச்ச வீடு. ஓட்டு வீட்டில் 11 அடி என்றால் திண்ணையும் ஆளோடியும் மட்டும் போவதில்லை. முன்சுவர்தான் உத்திரத்தின் ஒரு முனையைத் தாங்குகிறது. அதை எடுத்தால் கைமரம், கூரைச் சரிவு எல்லாம் ஆதாரம் இழக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் அதுவும் ஆடும். நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி(7) பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. எடுத்த இடத்தின் மதிப்பைத் தவிர, மீதிச் சொத்திலிருந்து அதைத் துண்டிப்பதால் வரும் நஷ்டம், மற்ற அசையாச் சொத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்படும் பாதிப்பு, குடியிருப்பையோ தொழிலையோ இடம் மாற்றும் நியாயமான செலவு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதிகாரி தானாக இதைத் தேடிக் கொடுக்க மாட்டார். தகுதியுள்ள கட்டடப் பொறியாளர் ஒருவரிடம், முன்பகுதியை வெட்டினால் மீதி பாதுகாப்பாக நிற்குமா, நிறுத்த என்ன செலவு என்று கையெழுத்து முத்திரையோடு அறிக்கை வாங்குங்கள். உரிமை கோரச் சொல்லி வரும் 3ஜி அறிவிப்புக்கு அதையே பதிலாகக் கொடுங்கள். பொறியாளர் கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். இந்த ஒரு கடுதாசி இல்லாமல் நல்ல கேஸ்கள் தோற்றுப் போவதுண்டு.

தையல்காரருக்கும் வழி உண்டு. சிறு வியாபாரிகளுக்கு ஒரு முறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் தர 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அவர் தனி மனு கொடுக்கட்டும். வாடகை வாங்கியதற்கு நீங்கள் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தால் அவருக்கு உதவும், உங்கள் வாடகை வருமான நஷ்டத்துக்கும் அதுவே சாட்சி.

தீர்வத்தில், அதாவது இழப்பீட்டை முடிவு செய்து அதிகாரி போடும் ஆணையில், தொகை குறைவாக வந்தால் பணத்தை மறுக்க வேண்டாம். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, 3ஜி(5) பிரிவின்படி நடுவரிடம் போங்கள். வழக்கமாக மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். வக்கீல் இருந்தால் நல்லது. இங்கே எல்லா ஆதாரங்களையும் வைத்துவிட வேண்டும். ஏனென்றால் அதற்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனால் தொகையைக் கூட்டிக் கொடுக்க முடியாது, நடுவர் தீர்வத்தை ரத்து செய்யத்தான் முடியும் என்று தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்குகளிலேயே உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. 2025இல் வந்த தீர்ப்பு மாற்றும் அதிகாரத்தைக் கொஞ்சம் திறந்தாலும், அது குறுகலான கதவுதான். நடுவர் கூட்டிக் கொடுத்தால், சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து அந்தக் கூடுதல் தொகைக்கு 9 சதவீத வட்டி உண்டு.

இடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தொகையைச் செலுத்திய பிறகு, ஒப்படைக்க 60 நாள் கொடுத்து அறிவிப்பு வரும். ஜேசிபி வரும்வரை காத்திருக்காதீர்கள். அது உத்திரத்தைப் பார்த்து இடிக்காது. உள்ளே புதுத் தூண் கொடுத்து உத்திரத்தைத் தாங்கவிட்டு, உங்கள் ஆட்களை வைத்தே பிரியுங்கள். மரச் சாமானையும் ஓட்டையும் எடுத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கேளுங்கள். புதுத் தூணுக்கு அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியாளர் மண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். நம் களிமண் கோடையில் சுருங்கி மழையில் ஊதும். கூடவே, முடிந்த சாலையின் மட்டம் உங்கள் வாசலில் எவ்வளவு வரும் என்று திட்டப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புது முன்சுவரின் வாசல்படியை அதற்கு மேலே வைத்தால்தான் சாலைத் தண்ணீர் ரேழிக்குள் வராது.