மட்டியே சாட்சி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நிலநடுக்கத்தை அளக்க கருவியே இல்லாத காலத்துல, கண்ணால பார்த்தவங்க எழுதி வச்சதை எந்தளவுக்கு நம்பலாம்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எதை உத்துப் பார்த்து எழுதினாங்கங்கறதைப் பொறுத்ததுங்க. 1835 பிப்ரவரி 20, சிலி நாட்டுல வால்டிவியாங்கற ஊர்கிட்ட காட்டுக்குள்ள இயற்கை ஆய்வாளர் டார்வின் அசதியா படுத்திருக்கார், 26 வயசு, திடீர்னு தரை ஆட ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆடுது, நிக்க முடிஞ்சுது ஆனா தலை சுத்துற மாதிரி இருந்துச்சு, மெல்லிசான ஐஸ் மேல சறுக்கும்போது அது வளைஞ்சு கொடுக்குமே அப்படின்னு எழுதுறார்.

மார்ச் 4ல கான்செப்சியான் பக்கம் போய் இறங்கினா கரை பூரா நாற்காலி, மேஜை, வீட்டுக் கூரைனு ஆயிரம் கப்பல் உடைஞ்ச மாதிரி கிடக்கு. ஊர்ல ஒரு வீடு மிச்சமில்ல, ஆனா செத்தவங்க நூறுக்கும் கம்மினு எழுதுறார், ஏன்னா தரை லேசா அதிர்ந்தாலே வெளிய ஓடிடறது அந்த ஜனங்க பழக்கம், நடந்ததும் பகல் பதினொன்றரை மணிக்கு. பக்கத்துல டால்காவானோ துறைமுகத்துல கடல் ஏறி வந்தப்ப ஒரு பாட்டி நாலஞ்சு வயசுப் பையனோட படகுல ஏறிட்டாங்க, துடுப்பு போட ஆள் இல்ல, படகு நங்கூரத்துல மோதி ரெண்டா போச்சு. பாட்டி போயிட்டாங்க. பையன் உடைஞ்ச பலகையைப் பிடிச்சுட்டே சில மணி நேரம் கிடந்து பிழைச்சான், இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு மனசு கலங்கிடும்.

நீங்க கேட்ட நம்பிக்கைக்கு பதில் மட்டிகிட்ட, அதாவது பாறையில ஒட்டி வாழற கடல் சிப்பிகிட்ட இருக்கு. டார்வின் போன கப்பலோட கேப்டன் ஃபிட்ஸ்ராய் சான்டா மரியா தீவுல பார்த்தப்ப, பாறையில ஒட்டின மட்டியெல்லாம் ஒட்டினபடியே அழுகி நாறிட்டு இருந்துச்சு, அதுவும் கடல் ஏறுற மட்டத்துக்கு 10 அடி மேல. முன்னாடி அதைப் பறிக்க ஜனங்க தண்ணில முங்கணும்! அப்ப நிலமே மேல எழும்பியிருக்குனு தானே அர்த்தம், இதுல கற்பனைக்கு எங்க இடம்?

கேள்வி: நாய், பறவைக்கெல்லாம் முன்கூட்டியே தெரியுமாமே? (வாசகர், கடலூர்)

பதில்: அன்னிக்கு காலைல கடல் பறவைங்க கூட்டமா உள்நாட்டுப் பக்கம் பறந்துச்சு, டால்காவானோ நாய்ங்க ஊரை விட்டுப் போயிடுச்சுனு ஃபிட்ஸ்ராய் எழுதியிருக்கார். ஆனா இது நடந்து முடிஞ்சப்புறம் ஜனங்க சொன்னது, மட்டி மாதிரி நேர்ல போய் அளந்து பார்க்க முடியாது, அதனால இதை அந்தளவுக்கு நான் எடுத்துக்க மாட்டேன்.