பொது நிரலோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு: ஆறு கேள்விகள்

வானியற்பியலில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் சிமுலேஷன் நிரல்களுக்கு உதவி சொல்வது பல வருடமாக என் வேலைகளில் ஒன்று. சம்பளத்தில் சேராத வேலை. சமீபத்தில் வந்த கேள்விகளில் ஆறும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: ஈர்ப்பில் துகள்கள் எப்படி நகரும் என்று கணக்கிடும் கேட்ஜெட்-2 நிரலில் ஒரு கேலக்ஸியை ஓடவிட்டேன். நேரப்படி (கணக்கு ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் கால அளவு) குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகிறது என்று சொல்லி, 888 என்ற எண்ணோடு தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. நிரலில் பிழையா?

நீங்கள் அனுப்பிய தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மொத்த நிறை ஒரு லட்சம் கோடி என்று இருக்கிறது. சூரிய நிறையில் பார்த்தால் சரிதான், நம் பால்வெளி அளவு. ஆனால் அளவுருக் கோப்பில் நிறையின் அலகே 1,000 கோடி சூரிய நிறை. அங்கே 100 என்று வந்திருக்க வேண்டும். நிரலின் கண்ணுக்கு உங்கள் கேலக்ஸி 1,000 கோடி மடங்கு கனம். முடுக்கமும் அத்தனை மடங்கு. நேரப்படி முடுக்கத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுவதால் ஒரு லட்சம் மடங்கு சுருங்கிவிட்டது. நிரல் பாவம், சரியாகத்தான் கத்தியிருக்கிறது.

அப்புறம், தூரம் கிலோபார்செக்கிலும் வேகம் கிமீ/விநாடியிலும் இருந்தால் கால அலகு சுமார் 97.8 கோடி ஆண்டு. முடிவு நேரத்தை ஆண்டுக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: 64 செயலிக் கோர்களில் ஒரு விடை, 128இல் வேறு விடை. எதை நம்புவது?

கணினியில் 10¹⁶ஐயும் 1ஐயும் கூட்டி, பிறகு 10¹⁶ஐக் கழித்துப் பாருங்கள். வழக்கமான இரட்டைத் துல்லியத்தில் 0 வரும். வரிசையை மாற்றி, முதலில் கழித்துவிட்டு 1ஐக் கூட்டினால் 1 வரும். கோர்கள் கணக்கைப் பங்குபோட்டுக்கொள்வதால், அவற்றின் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசையும் மாறும். பதினாறாவது இலக்கத்தில் தொடங்கும் வித்தியாசத்தை ஈர்ப்புக் கணக்கு ஊதிப் பெரிதாக்கிவிடும். எனவே தனித்தனித் துகள் எங்கே போனது என்று ஒப்பிடாதீர்கள். மொத்த ஆற்றல், அடர்த்திப் பரவல் போன்றவற்றை ஒப்பிடுங்கள். அவையும் ஒத்துவரவில்லை என்றால் எழுதுங்கள், அது நிஜமான பிரச்சினை.

விண்மீன்களின் பரிணாமத்தைக் கணக்கிடும் மெசா நிரலின் குழு இதில் பிடிவாதக்காரர்கள். கணினி மாறினாலும் கடைசி பிட் வரை ஒரே விடை வரவேண்டும் என்பதற்காக, மடக்கை போன்ற சார்புகளின் விடையைச் சரியாக முழுமையாக்கும் (ரவுண்ட் செய்யும்) தனி நூலகத்தையே பயன்படுத்துகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கேள்வி: அதிவேகக் குளிர்வாயு ஓட்டத்தில் அழுத்தம் எதிர்மறையாகிறது. அதற்குக் கீழே போகவிடாத தளமதிப்பு ஒன்று வைத்துச் சமாளிக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முதலில் காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலான நிரல்கள் மொத்த ஆற்றலிலிருந்து இயக்க ஆற்றலைக் கழித்துத்தான் வெப்ப ஆற்றலை எடுக்கின்றன, அழுத்தம் அதிலிருந்து வருவது. மாக் 100, அதாவது ஒலியின் வேகத்தைப் போல 100 மடங்கு என்றால், ஓரணு வாயுவில் இயக்க ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போலச் சுமார் 5,500 மடங்கு. யானையோடு சேர்த்து எறும்பை எடைபோட்டு, யானையின் எடையைக் கழித்து எறும்பின் எடையைச் சொல்வது போல. யானையை நிறுப்பதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு தவறினால் எறும்பே காணாமல் போகும். என்ஸோ என்ற நிரலில் இருப்பது போல உள்ளாற்றலுக்குத் தனிச் சமன்பாடு வைத்துக்கொள்ளும் வசதி உங்கள் நிரலிலும் இருக்கிறதா பாருங்கள். தளமதிப்புதான் வழி என்றால், அது எவ்வளவு ஆற்றலைத் திணித்தது என்பதைக் கணக்கு வைத்துக் கட்டுரையில் சொல்லுங்கள்.

கேள்வி: எப்படிக் கேட்டால் சீக்கிரம் பதில் வரும்?

கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். வெர்ஷன், கம்பைலர், அளவுருக் கோப்பு, முழு வெளியீடு, இவ்வளவும் வேண்டும். அதைவிட முக்கியம், பிரச்சினையைச் சின்னதாக்குவது. ஆயிரம் கோர்களில் மூன்று நாள் ஓடியபின் வரும் பிழையை என்னால் தொட முடியாது. கதிர்வீச்சை அணையுங்கள், காந்தப்புலத்தை அணையுங்கள், முப்பரிமாணத்தை ஒற்றைப் பரிமாணமாக்குங்கள். எதை அணைத்ததும் பிழை போனது என்பதே பாதி விடை. 1978இலிருந்து எல்லோரும் ஓட்டிப் பார்க்கும், சரியான விடை முன்பே தெரிந்த சாட் அதிர்ச்சி அலைக்குழாய்ச் சோதனை உங்கள் கணினியில் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதுவே தவறினால் நிறுவியதிலேயே கோளாறு. இப்படிச் சுருக்கிக்கொண்டே போய், எனக்கு எழுதும் முன்பே காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: கட்டுரையில் நிரலின் பெயரைச் சொன்னால் போதாதா?

போதாது. முறையை விளக்கும் கட்டுரையை மேற்கோள் காட்டி, வெர்ஷனையும் குறிப்பிடுங்கள். அளவுருக் கோப்புகளையும் வெளியிடுங்கள்.

கேள்வி: ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிச் சலிக்கவில்லையா?

சலிக்கும். மூன்றாம் முறை வந்தால் தவறு கேட்பவரிடம் இல்லை, கையேட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். 888 விவகாரத்துக்காக, தொடக்கக் கோப்பைப் படித்து மொத்த நிறையைச் சூரிய நிறையில் காட்டும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, மேலே கேட்டவருக்கே முதலில் அனுப்பினேன். அண்டவியல் கோப்புகளில் நிறையை ஹப்பிள் அளவுருவால் (அண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் எண்) வகுக்க வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள் என்று மறுநாள் திருத்தி அனுப்பியிருந்தார். சேர்த்தாயிற்று.