நான் சாதாரணமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் மின்னஞ்சல்கள் கடுமையாக இருப்பதாகச் சொல்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கலாம். "கடுமையான சொல் ஒன்றையாவது காட்டுங்கள்" என்று வாதாடிய காலம் எனக்கும் உண்டு. நீங்களும் இப்போது பழைய மடல்களைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படித்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு கணக்கு விவரத்துக்காகச் சக ஊழியர் ஒருவருக்கு இருமுறை எழுதியும் பதில் வராததால், மூன்றாம் முறை, "ஏற்கெனவே இருமுறை கேட்டிருந்தபடி, இன்று மாலைக்குள் அனுப்பி வைக்கவும்" என்று ஒரே வரி எழுதி, அவருடைய மேலாளரையும் நகலில் சேர்த்து அனுப்பினேன். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ஆயினும் தகாத சொல் எதுவும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "வணக்கம். கோப்பைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டேன். மீண்டும் இணைத்துள்ளேன்." தேடிப் பார்த்தால், வேறொரு பொருள் வரியின் கீழ், நான் திறக்காமலே விட்ட மடலில் அது கிடந்தது. மேலாளர் நகலில் அப்படியே இருந்தார். மன்னிப்பு மடலில் அவர் பெயரை வைப்பதா எடுப்பதா என்று அரை மணி நேரம் தயங்கிவிட்டு, பலர் முன்னால் குறை சொல்லித் தனியே மன்னிப்புக் கேட்பது முறையில்லை என்பதால் வைத்தே அனுப்பினேன்.

"ஏற்கெனவே" என்ற சொல் அகராதியில் சாதுவானது. நினைவூட்டல் மடலின் தொடக்கத்தில் வந்தால் விரல் நீட்டுகிறது. "அனுப்பவும்" என்பதும் நேரில் சிரித்தபடி சொன்னால் வேண்டுகோள், திரையில் அறிவிப்புப் பலகை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாம் எழுதுவது கிண்டலா இல்லையா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்ததோ 56 சதவீதம்தான். எழுதும்போது நம் குரல் நமக்குக் கேட்கிறது, இணைப்பாக அது போய்ச் சேர்வதில்லை.

மடல் முழுக்கக் குழைந்து எழுதச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூன்று பத்தி நலம் விசாரித்துவிட்டு நான்காவதில் வேலையைச் சொல்லும் மடல்களும் என் பொறுமையைச் சோதிப்பவைதான். நாற்பது பேருக்குப் போன அறிவிப்புக்கு, அந்த நாற்பது பேருக்கும் "நன்றி" என்று பதில் அனுப்புகிறவர்களை எந்த மரியாதையில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பச் சொல்லும் அறிவுரை, 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டியிலேயே இருக்கிறது. அவ்வளவு காத்திருக்க எனக்கு வாய்ப்பதில்லை. பெறுநர் கட்டத்தை மட்டும் கடைசியில் நிரப்புகிறேன். நினைவூட்டுவதற்கு முன்னால், அந்த நபரின் பெயரை என் அஞ்சல்பெட்டியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுகிறேன்.